பக்கத்து சீட்டில் அம்மா

என் வேலை பேசாமல் உட்கார்ந்திருப்பது. வண்டி ஓட்டப் பழகியவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவள் நான். பக்கத்து சீட்டில் நான், மடியில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு தாள், கையில் பேனா. 'இடது பக்கம் திரும்புங்க', 'அந்த மரத்துக்கிட்ட நிறுத்துங்க' என்பதைத் தாண்டி வாய் திறக்கக் கூடாது. எவ்வளவு அழகாக ஓட்டினாலும் சிரிக்கக் கூடாது. எவ்வளவு கேவலமாக ஓட்டினாலும் 'அடப்பாவி' என்று கத்தக் கூடாது. என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை நான் மிதித்தால் அந்த நொடியே ஓட்டுகிறவர் ஃபெயில். இருபத்தோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயர் 'கல்லு'.

என் வீட்டுக்காரரே என்னிடம் இரண்டு முறை ஃபெயில் ஆனவர். மூன்றாம் முறை பாஸ் ஆனதும், "மேடம், இப்பவாவது ஒரு வார்த்தை பேசுவீங்களா?" என்று கேட்டார். பேசினேன். அப்புறம் கல்யாணம், அப்புறம் ஒரு பெண். அவர் இப்போது வெளியூர் பஸ் ஓட்டுகிறார். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பார், நான்கு நாள் ரோட்டில்.

ஆபீஸில் அடக்கிவைத்த பேச்சு முழுவதும் வீட்டில்தான் கொட்டும். 'எழுந்தாச்சா, பல் தேய்ச்சாச்சா, சாக்ஸ் எங்க, குடை எடுத்தியா, அதை அங்க வைக்காத, இதை இங்க வை.' காலையில் ஆரம்பித்தால் பெண் படி இறங்கும்வரை நிற்காது. அவள் அப்பா அவளை 'சுண்டெலி' என்று கூப்பிடுவார். மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பாள், அதனால். பதினேழு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

அவளுக்கு நில அளவைப் படிப்பில் இடம் கிடைத்தது. ரயிலில் பத்து மணி நேரம் தள்ளி ஒரு ஊர். இன்னொரு பெண்ணோடு அறை எடுத்துத் தங்கி, தானே பொங்கித் தின்று, தானே துவைத்து உடுத்திப் படிக்க வேண்டும். இருபதாம் தேதிக்குள் பதில் எழுத வேண்டும். நான் முடியாது என்று சொல்லவில்லை. இந்த வருஷம் வேண்டாம், இங்கேயே ஏதாவது சேர், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். என் 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் ஒரு டெஸ்ட் வச்சு ரோட்டுல விடுறல்லம்மா? எனக்கும் ஒண்ணு வை. அதே ரூல்ஸ். பாஸானா போறேன். ஃபெயிலானா நீ சொல்ற காலேஜ்ல சேர்றேன். அப்புறம் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் கோட்டை விடுவாள் என்று நம்பித்தான் நான் சரி என்றேன். தன் சாக்ஸைத் தானே கண்டுபிடிக்கத் தெரியாத பெண் அவள். கண்டுபிடிக்க நான் விட்டதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து தாள் தயாரித்தோம். முப்பத்திரண்டு கட்டங்கள். தானாக எழுந்திருப்பது. மூன்று பேருக்குச் சமைப்பது. மிஞ்சினதை வீணாக்காமல் மறுநாள் ஓட்டுவது. வெள்ளைத் துணியைத் தனியாகத் துவைப்பது. ஃப்யூஸ் போனால் பதறாமல் பார்ப்பது. படிவம் நிரப்புவது. பேச்சைக் கேட்டு மயங்காமல் விற்க வந்தவனைத் திருப்பி அனுப்புவது. முடியாது என்று ஒரு தோழியிடம் சொல்வது. இந்தக் கடைசி கட்டம் என் வீட்டுக்காரர் சேர்த்தது. "இதுல உங்கம்மா நூத்துக்கு நூறு" என்று மகளிடம் கண் அடித்தார். பதினான்கு நாள். சின்னப் பிழை பதினைந்து வரை மன்னிப்பு, பெரிய பிழைக்கு மன்னிப்பு இல்லை. நான் வாய் திறந்து வழி சொன்னாலோ, கை நீட்டி உதவினாலோ பிரேக் மிதித்த கணக்கு. உடனே ஃபெயில். தினமும் காலையில் ஒரு அட்டையில் அன்றைய வேலையை எழுதி வைப்பேன், அவ்வளவுதான். மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

முதல் நாள் அடுப்பில் பால் பொங்கியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி யாருக்கோ மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வலது கால் மேசைக்கடியில் தரையை ஓங்கி மிதித்தது. பால் நிற்கவில்லை. அடுப்பெல்லாம் வழிந்து, தீய்ந்த வாடை கிளம்பிய பிறகு ஓடிவந்தாள். நான் தாளில் ஒரு சின்னப் பிழை போட்டேன். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

இரண்டாம் நாள் அவரே மாட்டினார். அப்பாவின் டியூட்டி அட்டவணையைப் பார்த்து எழுப்பிவிடும் பொறுப்பு அவளுடையது. லீவு நாளன்று விடியற்காலையில் எழுப்பிவிட்டாள். பாவம் மனிதர், ஷேவ் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, டிப்போ வரை போய்த் திரும்பிவந்தார். வந்து, "காத்து நல்லா இருந்துச்சு" என்றார். அதற்கும் ஒரு சின்னப் பிழை. அன்று மாலையே அவள் அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் லீவு நாட்களைப் பச்சைக் கட்டமாக்கி, கதவில் ஒட்டினாள். பத்து வருஷமாக எனக்குத் தோன்றாத யோசனை. தாளில் பாராட்டுக்குக் கட்டம் கிடையாது.

மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்குள் ஏதோ மாற ஆரம்பித்தது. பேச்சு நின்றால் காது வளரும் போலிருக்கிறது. ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் பெருமூச்சு விட்டு அடங்குவதைக் கேட்டேன். கீழ்த்தளத்தில் தையல்காரக்காவின் மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நிற்கிற இடத்தில் அவர் துணியைத் திருப்புகிறார் என்று எனக்கே புரிய ஆரம்பித்தது. மாலை ஐந்து மணிக்கு எங்கள் சமையலறைக்குள் வெயில் வருகிறது. பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் குடியிருந்து, அது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் எப்போதும் யாரையாவது எதற்காவது விரட்டிக்கொண்டிருப்பேன். வெயில் மேடைமேல் ஏறி, கவிழ்த்துவைத்த பாத்திரங்களின் முதுகைத் தடவி, சுவரில் கொஞ்ச நேரம் நின்று, அப்படியே மங்கிப்போகும். அதற்கு நடுவில் என் பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒரு பாட்டை முனகிக்கொண்டு போவாள், வருவாள். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மேலே நடப்பதைப் பார்ப்பது போல இருந்தது. மூச்சு மட்டும் முட்டவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெஸ்டில் திடீரென்று 'நிறுத்து' என்று சொல்லிப் பார்ப்போம், அது போல ஒரு நாள் குழாயின் வாஷரைத் தளர்த்திவைத்தேன். அவள் குழாய்க்கு முன்னால் நின்று இடுப்பில் கைவைத்து ஒரு நிமிஷம் யோசித்தாள். ஒரு கிண்ணத்தை அடியில் வைத்தாள். சொட்டுகிற சத்தத்துக்கு ஒரு துணியைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு பள்ளிக்கூடம் போய்விட்டாள். சாயங்காலம் ஸ்பேனரோடு வந்து, முதலில் மெயின் குழாயை மூடினாள். இவள் பாஸாகிவிடுவாள் போலிருக்கிறதே.

ஐந்தாம் நாள் அவள் என்னோடு பேச ஆரம்பித்தாள். அதுவரை சீண்டுவதற்குத்தான் பேசினாள். "மேடம், உப்பு சரியா? சொல்ல மாட்டீங்களா? சரி மேடம்." அன்று உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

என் வாய் தானாகத் திறந்தது. 'அப்ப போகாத' என்ற வார்த்தை நாக்கு நுனியில் ரெடியாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வழக்கமாக அவள் பேச்சு அந்த இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். அன்று வெட்ட ஆள் இல்லை. கத்தி தோலில் வழுக்கிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சு மெதுவாக மேலே நடந்தது.

"பயமா இருக்கறதால போகக் கூடாதுன்னு இல்லல்ல? எனக்கு அடிக்கடி ஒரு கனவு வருது. ஒரு வயலை அளக்கப் போறேன். கயித்தைப் பிடிச்சுட்டு நடக்கறேன். அளக்க அளக்க வயல் பெருசாகிட்டே போகுது. கோபமே வரலம்மா. சரி, இன்னும் கொஞ்சம் நடப்போம்னு இருக்கு. திரும்பிப் பார்த்தா கயித்தோட அந்தப் பக்கம் யார் பிடிச்சிருக்காங்கன்னு தெரியல. ஆனா யாரோ பிடிச்சிருக்காங்க, இழுத்தா விறைப்பா இருக்கு."

கிழங்கை எண்ணிப் பார்த்து, ஒன்று அதிகம் என்று திரும்பக் கூடையில் போட்டாள். நான் தாளைப் பார்த்தேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? பதினேழு வருஷத்தில் இவள் ஒரு வாக்கியத்தையாவது கடைசிவரை சொல்லி நான் கேட்டிருக்கிறேனா? அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இன்னும் பேச மாட்டாளா என்று ஆசையாக இருந்தது.

பேசினாள். தினமும் ஐந்து மணி வெயிலில், எதையாவது சீவிக்கொண்டோ மடித்துக்கொண்டோ பேசினாள். கணக்கு டீச்சரைப் பற்றி, முகம் கொடுத்துப் பேசாத தோழியைப் பற்றி, கால் விரல் எல்லாம் அப்பா மாதிரியே இருப்பதைப் பற்றி. நான் ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தேன். சக தேர்வாளர் ஒருவர், "கல்லு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள் நாற்காலியிலேயே அசந்துவிட்டேன். கனவில் வழக்கம்போல வண்டியின் பக்கத்து சீட்டில் இருந்தேன். வெளியே வெள்ளை வெளேரென்று பனிமூட்டம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது என் பெண். நாலு வயசு. கால் எட்டவில்லை. ஆனாலும் வண்டி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கைத் தேடினேன். கால் வைத்த இடத்தில் தரையே இல்லை, பனிதான் இருந்தது. 'இடது பக்கம் திரும்புங்க' என்றேன். அவள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நேராகப் போனாள். கண் விழித்தபோது என்மேல் ஒரு போர்வை. மடியிலிருந்த தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'தேர்வாளர் தூங்கிவிட்டார். பெரிய பிழை.'

பன்னிரண்டாம் நாளுக்குள் சின்னப் பிழைகள் பதினொன்று. பெரிய பிழை இல்லை. அவள் அப்பா வெளியூர் வண்டியில் போயிருந்தார், மறுநாள் மதியம்தான் வருவார். காலையிலிருந்தே மழை. நான்கு மணிக்கு அவள் நனைந்துகொண்டு வந்தாள். குடை பையில்தான் இருந்தது, பிரிக்கவில்லை. அதற்கு ஒரு சின்னப் பிழை போட்டேன். அவள் ஈர உடையை மாற்றினாள். அடுப்பைப் பற்றவைத்தாள், பிறகு அணைத்தாள். கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள். மாலையில் படுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அறை வாசலில் போய் நின்றேன். கண் சிவந்திருந்தது. பல் தந்தி அடித்தது.

தாளைப் புரட்டினேன். முப்பத்திரண்டு கட்டங்களில் காய்ச்சலுக்குக் கட்டமே இல்லை. ஃப்யூஸ் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தேன், உடம்பு போனால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. மறதி இல்லை. காய்ச்சல் என்னுடைய டிபார்ட்மெண்ட். அது இன்னொருவர் கைக்குப் போகும் என்று என் மண்டையில் உதிக்கவே இல்லை. ஆபீஸில் ஓட்டுகிறவருக்கு உடம்பு முடியாவிட்டால் டெஸ்டை ரத்து செய்து வேறு தேதி கொடுப்போம். இங்கே வேறு தேதி என்றால் இருபதாம் தேதி தாண்டிவிடும். ரத்து செய்தால் அவள் ஃபெயில் இல்லை, ஆனால் போகவும் முடியாது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாத வழி அது. அந்த வழி எனக்கு எவ்வளவு இனிப்பாகத் தெரிந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது. ஒரு அடி உள்ளே வைத்தேன்.

"அம்மா, அங்கேயே இரு."

நின்றேன்.

"நீ தொட்டா நான் ஃபெயில். இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

நான் போய் அறை வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்று மட்டும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். காய்ச்சல் முப்பத்தொன்பதரை டிகிரியைத் தாண்டினால் பரீட்சையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவிடுவது. அதுவரை கல்லு.

அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய், அலமாரியில் தெர்மாமீட்டரைத் தேடினாள். மேல் தட்டில் தேடினாள். அது கீழ்த் தட்டில் பஞ்சுக்குப் பின்னால் இருந்தது. என் கால் தரையை அழுத்தியது. மூன்று முறை தவறான டப்பாவைத் திறந்து, நான்காவதில் எடுத்தாள். முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. படுத்துக்கொண்டே கிளினிக்குக்கு ஃபோன் செய்தாள். காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். நர்ஸ் வயது கேட்டார், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார், கழுத்தை வளைக்க முடிகிறதா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதைக் கூட அவளே சொன்னாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"கூட யாராவது இருக்காங்களாம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நாற்காலியில், மடியில் தாளோடு, நான் அவளைப் பார்த்தேன். ஆறடி தூரம் இருக்கும்.

"இல்லீங்க," என்றாள். "தனியாதான் இருக்கேன்."

"அப்படித் தனியா இருக்கக் கூடாது. பக்கத்துல யாரையாவது கூப்பிட்டு வச்சுக்கோ. மாத்திரை போடு, தண்ணி நிறைய குடி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாரு. ஏறிட்டே போனா உடனே வந்துடணும், சரியா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். மழைச் சத்தத்துக்கு அடியில் தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. பிறகு அவள் அடுத்த எண்ணைத் தட்டினாள்.

"அக்கா, மேல் வீட்டுலேருந்து பேசறேன். எனக்குக் காய்ச்சல். கொஞ்ச நேரம் வந்து கூட இருக்க முடியுமா?"

தையல்காரக்கா கழுத்தில் தொங்கின அளவு நாடாவோடு மூச்சிரைக்க ஏறிவந்தார். கதவைத் தள்ளியவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடி இது? அம்மாக்காரி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"அவங்க இங்க இல்லக்கா."

"இல்லையா? அப்ப இது யாரு?"

"அவங்ககிட்ட பேசாதீங்கக்கா. அவங்க பரீட்சையில இருக்காங்க."

"யாருக்குடி பரீட்சை?" என்றார் அக்கா. என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல குடும்பம்டி உங்களது" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார்.

போய்க் கட்டிலில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கை வைத்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அந்தக் கையின் கீழ் என் பெண்ணின் முகம் தளர்வதைப் பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். காலை இழுத்து முடக்கிக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் செய்வது போலவே. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொறாமை, வேறொன்றும் இல்லை. பச்சைப் பொறாமை. அதற்கு நடுவில், அப்பாடா, இவளுக்குக் கூப்பிடத் தெரிகிறது என்றும் தோன்றியது. பத்து மணி நேரம் தள்ளி ஒரு ஊரில் இவளுக்கு உடம்பு சுட்டால், யாரோ ஒருத்தியின் கை வந்து சேரும். அந்த ஊரில் நான் உட்கார்ந்திருக்கப்போகிற நாற்காலி கூட இருக்காது.

அக்கா இரண்டு மணி நேரம் இருந்தார். மாத்திரை கொடுத்தார், ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினார், யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் மூன்று முறை பிரித்துத் தைத்த கதையைச் சொன்னார். ஆறரைக்கு அளந்தபோது முப்பத்தேழு புள்ளி ஆறு. போகும்போது என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "ஒன்பதுக்கு மறுபடி வந்து பாக்கறேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, காற்றிடம் சொன்னாரா, தெரியவில்லை. என்னிடம் பேசக் கூடாது என்பதை மதித்துக் காற்றிடம்தான் சொல்லியிருப்பார்.

மழை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நீலமாகக் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அறைக்குள் எல்லாம் தன் ஓரங்களை இழந்து மிதந்தது. கட்டில், துணி மாட்டும் கொக்கி, தூங்குகிறவளின் முழங்கை. நான் தாளை எடுத்தேன். கடைசிக் கட்டத்துக்குக் கீழே கையால் இன்னொரு கட்டம் போட்டு, 'காய்ச்சல்' என்று எழுதி, டிக் அடித்தேன். கணக்குப்படி இன்னும் இரண்டு நாள் பாக்கி. பார்ப்பதற்கு இனி என்ன இருக்கிறது? முடிவு என்ற இடத்தில் 'பாஸ்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இருபத்தோரு வருஷத்தில் ஆயிரம் ஆயிரம் பேருக்குப் போட்ட கையெழுத்து. அன்றைக்கு மட்டும் கோணிக்கொண்டது.

பரீட்சை முடிந்துவிட்டது. இனிமேல் தொடலாம். பேசலாம். பன்னிரண்டு நாளாகத் தொண்டையில் அடுக்கிவைத்த பேச்சு அத்தனையும் தயாராக இருந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக உள்ளே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் நெற்றியில் கை வைத்தேன்.

குளிர்ந்திருந்தது. வேர்த்து, ஈரமாக, ஜில்லென்று இருந்தது. நான் செய்ய அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

கையை எடுக்க மனம் வரவில்லை. இருட்டில் அவள் அசைந்தாள். கண்ணைத் திறக்காமலே என் கையை இன்னும் கொஞ்சம் நெற்றியோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் தூக்கக் குரலில், "கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"

நான் அக்காவாகவே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.